ஒரு பக்கத்தின் விலை

ஸ்ரீரங்கத்து ஸ்ரீ வாணீ விலாஸ அச்சுக்கூடம், ஆதிசங்கரருடைய நூல்களை எல்லாம் திரட்டி 20 தொகுதிகளாக 1910-ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, ஒரு பக்கத்தின் முதல் பிரதிக்கு ஆன செலவும் அதே பக்கத்தின் ஆயிரமாவது பிரதிக்கு ஆன செலவும் ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாதவையாக இருந்திருக்கும். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, பிழை பார்த்து, சட்டத்தில் முடுக்கி, யந்திரத்தில் ஏற்றுகிற வரையில் பணம் கரைந்துகொண்டே போகும். ஏற்றிய பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் காகிதமும் சிறிது மையும் கொஞ்சம் கூலியுமே செலவு. இன்றைக்கு ஒரு வக்கீலின் குமாஸ்தாவோ கல்லூரி அலுவலகத்து எழுத்தரோ மேஜைமேல் வைத்துக்கொண்டிருக்கும் சிறு யந்திரத்தில் அந்தக் கணக்கு அடியோடு மாறிவிட்டது. எழுத்துக் கோப்பவர் வேண்டியதில்லை. முதல் பிரதிக்கும் ஆயிரமாவது பிரதிக்கும் ஒரே செலவுதான். ஆனால் அந்தச் செலவை, யந்திரம் ஓடுகிற காலம் முழுவதும், பக்கந்தோறும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே, பிரிண்டர் வாங்கப் புறப்படுகிறவர் யந்திரத்தின் விலையைக் கேட்பதற்கு முன்னால் பக்கத்தின் விலையைக் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அந்த விலையோ, கரிய பொருளை எவ்விதம் காகிதத்தின்மேல் ஒட்டவைக்கிறோம் என்ற பௌதிக விஷயத்தில் பெரிதும் அடங்கியிருக்கிறது. அடித்து ஒட்டவைக்கலாம், தெளித்து ஊறவைக்கலாம், மின்சாரத்தால் இழுத்து, உருக்கிப் பதிக்கலாம்.

அடித்து ஒட்டவைக்கும் யந்திரம் டாட் மேட்ரிக்ஸ். 9 ஊசிகளோ 24 ஊசிகளோ கொண்ட ஒரு தலை, காகிதத்தின் குறுக்கே ஓடிக்கொண்டே, மின்காந்தங்களின் ஏவலால் ஊசிகளை மை தோய்ந்த நைலான் ரிப்பன்மேல் குத்துகிறது. குத்திய இடமெல்லாம் புள்ளி விழுகிறது. புள்ளிகள் சேர்ந்து எழுத்தாகின்றன. சென்னை டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்நாட்டில் ஏராளமாக விற்ற இவ்வகை யந்திரங்களின் நினைவகத்தில் பெரும்பாலும் ரோமானிய எழுத்துக்களே குடியிருந்தபடியால், தமிழை ஒரு சித்திரமாக மாற்றித்தான் அவற்றுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதனால் வேகமும் குறைந்தது, 9 ஊசிகளின் உயரத்துக்குள் 'ணை', 'ஞூ' முதலிய எழுத்துக்களின் சுழிகளை அடக்க முடியாமல் உருவமும் கெட்டது. இவ்வளவு குறை இருந்தும் அந்த யந்திரம் வழக்கொழிந்து போகாமைக்கு ஒரு முக்கிய காரணம் உண்டு: கார்பன் வைத்த மூன்று தாள்களில் ஒரே அடியில் மூன்று பிரதி எடுக்கும் சக்தி, அடிக்கிற யந்திரத்துக்கு அல்லாமல் வேறு எதற்கும் இல்லை. திருச்சி காந்தி மார்க்கெட்டின் மண்டிகளைப் போல, விற்றவருக்கு ஒன்று, வாங்கியவருக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று பில் எழுதுகிற இடங்களில் அதன் கரகர ஓசை இன்னும் கேட்பதற்கு அதுவே காரணம். பக்கத்தின் விலை இதில் மிகக் குறைவு. ஆனால் ரிப்பன் வெளுத்துப் போன பிறகும் சிக்கனம் என்று நினைத்து அதையே ஓட்டிக்கொண்டிருப்பது வீண் நஷ்டம். ரிப்பனின் மை ஊசிகளுக்கு மசகாகவும் உதவுகிறது என்பதையும், நைந்த ரிப்பனின் நூலிழையில் ஊசி சிக்கினால் ஒடிந்துபோகும் என்பதையும், தலையை மாற்றுகிற செலவு எத்தனையோ ரிப்பன்களின் விலைக்குச் சமம் என்பதையும் பலர் காலங்கடந்தே அறிகிறார்கள்.

மின்சாரத்தால் இழுக்கும் முறையைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம். நியூயார்க் நகரத்தில் காப்புரிமை அலுவல் பார்த்துவந்த செஸ்டர் கார்ல்ஸன் என்பவர், பத்திரங்களுக்குப் பிரதி எடுப்பதிலுள்ள தொல்லையால் சலித்து, நிலைமின்சாரத்தைக் கொண்டு அதைச் செய்யமுடியுமா என்று ஆராயத் தொடங்கினார். 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி, அஸ்டோரியா என்னும் பகுதியிலிருந்த ஒரு சிறு அறையில், அவரும் அவருடைய உதவியாளர் ஆட்டோ கோர்னியும், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றி, தேதியையும் இடத்தையும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினார்கள். ஒளி பட்ட இடத்தில் மின்னேற்றம் வடிந்தது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் தங்கியது. தூவிய நுண்ணிய பொடி அந்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதை மெழுகுத் தாளுக்கு மாற்றினார்கள். அந்தச் சிறு பரிசோதனை விற்பனைக்கு ஏற்ற யந்திரமாக, அதாவது ஜெராக்ஸ் 914 என்ற பெயரோடு, வெளிவருவதற்கு 1959-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிழலுக்குப் பதிலாகக் கணினியின் கட்டளைப்படி லேசர் கதிரே உருளையின்மேல் எழுதட்டும் என்ற யோசனை கேரி ஸ்டார்க்வெதர் என்பவருடையது. 1977-இல் அது ஜெராக்ஸ் 9700 என்ற பெரிய யந்திரமாயிற்று. 1984-இல் கேனன் நிறுவனத்தின் உட்பொறியைக் கொண்டு ஹெச்பி நிறுவனம் லேசர்ஜெட்டை வெளியிட்டபோது மேஜைக்கு ஏற்ற அளவும் வந்துசேர்ந்தது.

இன்றைய லேசர் பிரிண்டரின் உள்ளே நடப்பதும் கார்ல்ஸனுடைய பரிசோதனையேதான். டிரம் என்று நாம் சொல்லும் பச்சை அல்லது நீல நிற உருளை, ஒளி பட்டால் மின்சாரத்தைக் கடத்துகிற கரிமப் பொருளைப் பூசியது. ஒரு ரப்பர் உருளை அதன்மேல் சுமார் 600 வோல்ட் எதிர்மின்னேற்றத்தைப் பரப்புகிறது. லேசர் பட்ட புள்ளிகளில் அது பெரிதும் வடிந்துவிடுகிறது. எதிர்மின்னேற்றம் கொண்ட டோனர்ப் பொடி, தன் இனத்தை விட்டு விலகி, வடிந்த புள்ளிகளில் போய் ஒட்டுகிறது. அடியில் வருகிற காகிதத்துக்குப் பின்னாலிருந்து நேர்மின்னேற்றம் அந்தப் பொடியை இழுத்துக்கொள்கிறது. கடைசியில் 180 முதல் 200 டிகிரி வெப்பமுள்ள பியூசர் அதை உருக்கி, காகிதத்தின் நாரோடு நாராக அழுத்திவிடுகிறது. மீந்த பொடியை வைப்பர் பிளேடு வழித்து ஒரு குப்பையறைக்குள் தள்ளுகிறது. டோனர் என்பது கரியும் பிளாஸ்டிக்கும், பல வகைகளில் இரும்பு ஆக்ஸைடும் சேர்ந்த பொடி. அதிலுள்ள கரி, பனையோலையில் எழுத்தாணியால் கீறிய பின் நம் முன்னோர் தடவிய விளக்குக் கரியின் இனத்தைச் சேர்ந்ததே; ஒளியாலும் காலத்தாலும் வெளுக்காத அந்தக் குணம், சொத்துப் பத்திரம் போன்று தலைமுறை கடந்து நிற்க வேண்டியவற்றுக்கு லேசர் அச்சை மிகவும் ஏற்றதாக்குகிறது.

இப்போது தெளித்து ஊறவைக்கும் முறை. மயிரிழையைவிட மெல்லிய, சுமார் 20 மைக்ரான் அகலமுள்ள துவாரங்களின் வழியாக, லிட்டரை லட்சங்கோடி பங்காக்கி அதில் சில பங்கே வருகிற துளிகளை இங்க்ஜெட் தெளிக்கிறது. கேனனும் ஹெச்பியும் மையை ஒரு கணம் சூடாக்கி எழுப்பிய நீராவிக் குமிழியால் துளியைத் தள்ளுகின்றன. எப்ஸனோ மின்சாரம் பட்டால் வளைகிற படிகத்தால் பிதுக்குகிறது. வீட்டுக்கென்று விற்ற சிறு இங்க்ஜெட்டுகளின் மை, எடைக்கு எடை பார்த்தால் வாசனைத் திரவியத்துக்கு நிகரான விலை பெற்றிருந்த காலத்தில், தெருவிலிருந்த மெக்கானிக்குகள் வெளியே புட்டிகளை மாட்டிக் குழாய் வழியாக மையூட்டும் உபாயத்தைத் தாங்களாகவே கையாண்டார்கள். 2010-ஆம் ஆண்டில் எப்ஸன் முதலில் இந்தோனேஷியாவில் மைத் தொட்டி யந்திரத்தை விற்கத் தொடங்கி, விரைவில் இந்தியாவுக்கும் கொண்டுவந்தபோது, தெருவின் யுக்தி தொழிற்சாலையின் யுக்தியாக அங்கீகாரம் பெற்றது என்றே சொல்ல வேண்டும். ஒரு பிரபல வகையில் 70 மில்லிலிட்டர் கறுப்பு மைக்கு 4,000 பக்கம் என்பது கம்பெனியின் கணக்கு. ஆனால், திறந்து வைத்த பேனாவின் முள்ளில் மை காய்வதுபோல, பல நாள் சும்மா கிடந்தால் அந்தத் துவாரங்களிலும் மை காயும். அதைத் திறக்க ஹெட் கிளீனிங் செய்யும்போதெல்லாம் நல்ல மை கழிவுப் பஞ்சுக்குள் போகும். அந்தப் பஞ்சு நிரம்பிற்று என்று உள்ளிருக்கும் கணக்கு சொன்னால் யந்திரம் அச்சிட மறுத்து நின்றுவிடும். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் திருச்சியில் மைத் தொட்டி யந்திரம் வைத்திருப்பவர், விடுமுறையிலும் வாரத்துக்கு ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிடுவதைப் பழக்கமாகக் கொள்ளலாம்.

ஊரின் சீதோஷ்ணம் இந்தச் சாஸ்திரத்தில் எவ்வளவு தூரம் தலையிடுகிறது என்பதைக் கம்பெனியின் கையேடுகள் சொல்வதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கத்தில், ஐப்பசி கார்த்திகை மழையின்போது, உறை பிரித்துப் போட்ட காகிதம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 80 கிராம் தாளில் ஏ4 அளவுள்ள 500 தாள் ஒரு கட்டாகும். ஏ0 என்னும் ஒரு சதுர மீட்டர் தாளை 16 பங்காக்கினால் ஏ4 வருவதால், ஒரு தாள் 5 கிராம், கட்டு இரண்டரைக் கிலோ என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். அதன் ஈரம் நூற்றுக்கு 5-இலிருந்து 8-ஆக உயர்ந்தால், கட்டுக்குள் சுமார் 75 கிராம் தண்ணீர் கூடுதலாகப் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். ஈரக் காகிதம் மின்சாரத்தைக் கசியவிடுகிறபடியால், பொடியை இழுக்க வேண்டிய மின்னேற்றம் அதில் நிற்பதில்லை. எழுத்து வெளிறியும் திட்டுத் திட்டாகவும் விழுகிறது. போதாக்குறைக்கு, அந்தத் தண்ணீர் பியூசரில் ஆவியாகித் தாளைச் சுருட்டிவிடுகிறது. சுருண்ட தாள் சிக்கிக்கொள்கிறது. உடனே டோனர் மட்டம் என்றும் யந்திரம் பழுது என்றும் முடிவு கட்டி மெக்கானிக்கை அழைக்கிறவர்கள், புதிய கட்டு ஒன்றைப் பிரித்து அதில் பத்துத் தாளை வைத்துப் பார்த்தால் அநேக சமயங்களில் அந்தக் கூலி மிச்சமாகும்.

கோடையில் தொல்லை எதிர்த் திசையிலிருந்து வருகிறது. வறண்ட தாள்கள் நிலைமின்சாரத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்றாக உள்ளே போகும். கட்டை விசிறிபோல் விரித்து உதறி வைப்பதே இதற்குப் பரிகாரம். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வீசும் பெருங்காற்று ஆற்று மணலின் நுண்துகளை ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து பிக்கப் ரோலரின் ரப்பர்மேல் படியவைக்கும், ரோலர் வழுக்கும், தாள் ஏறாது. பஞ்சில்லாத துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அந்த ரோலரைத் துடைப்பது எவரும் செய்யக்கூடிய காரியம். ஸ்பிரிட்டைத் தாராளமாக ஊற்றித் துடைத்தால் ரப்பர் வெடித்துவிடும். டிரம்மையோ துடைக்கவே வேண்டாம், வெயிலில் வைக்கவும் வேண்டாம். சிந்திய டோனரைக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியாலேயே எடுக்க வேண்டும். வெந்நீர் பட்டால் பொடி இளகி, துணியிலும் தோலிலும் பிடித்துக்கொள்ளும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பியூசர் சூடாகும் கணத்தில் லேசர் பிரிண்டர் பல நூறு வாட், சில சமயம் ஆயிரம் வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். மேஜைக்கடியில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் அதைத் தாங்காமல் கூவிக்கொண்டே அணைந்துவிடும். மைத் தொட்டி யந்திரத்துக்கோ அச்சிடும்போதுகூடப் பத்துப் பதினைந்து வாட் போதும். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்தவர் இருக்கமாட்டார்கள். இன்வெர்ட்டரின் துணையால் கடை நடத்தியவர்களுக்கு, அக்காலத்தில் சந்தைக்கு வந்த மைத் தொட்டி யந்திரம் இந்த ஒரு குணத்தாலேயே பெரிய ஆறுதலாக அமைந்தது. லேசர் வைத்திருப்பவர் அதை நேரே சுவர்ப் பிளக்கில் மாட்டி, கணினியை மட்டும் யுபிஎஸ்ஸில் வைப்பதே முறை.

இனிப் பணக் கணக்கு. கற்பனையாக இரண்டு யந்திரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 10,000 ரூபாய். அதன் கார்ட்ரிட்ஜ் 4,000 ரூபாய். 1,500 பக்கம் வரும். மற்றொன்று 18,000 ரூபாய். கார்ட்ரிட்ஜ் 3,000 ரூபாய். 3,000 பக்கம் வரும். மாதம் 1,000 பக்கம் அச்சிடும் காரியாலயத்துக்கு மூன்று ஆண்டில் 36,000 பக்கம் ஆகும். முதல் யந்திரத்துக்கு 24 கார்ட்ரிட்ஜ், அதாவது 96,000 ரூபாய். யந்திரத்தையும் சேர்த்தால் 1,06,000. இரண்டாவதற்கு 12 கார்ட்ரிட்ஜ், 36,000 ரூபாய், யந்திரத்தோடு 54,000. வாங்கும்போது மலிவாயிருந்த யந்திரம் மூன்று ஆண்டில் ஏறக்குறைய இரட்டிப்புப் பணத்தை விழுங்கிவிட்டது. இதோடு, யந்திரத்துடன் இனாமாக வருகிற முதல் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் முழுக்க நிரப்பப்படாதது என்பதையும், பக்கக் கணக்கு என்று பெட்டிமேல் அச்சிட்டிருப்பது தாளின் பரப்பில் நூற்றுக்கு 5 பங்கே கறுப்பாகும் என்ற அளவையொட்டியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நெருக்கமாக எழுதிய மனு அதைத் தாண்டும். பெரிய சின்னமும் கட்டமும் கறுப்புப் பட்டையும் போட்ட கடிதத்தாள் எங்கேயோ போய்விடும்.

இந்தக் கணக்கு மக்களுக்குப் புரியாமல் இல்லை; புரிந்ததன் விளைவே ரீஃபில் என்னும் தொழில். ஹெச்பியின் 12ஏ கார்ட்ரிட்ஜும் அதன் உடன்பிறப்பாகிய கேனன் 303-உம் சிப் இல்லாதவை, திருகாணிகளைக் கழற்றினால் திறந்துகொள்பவை, ஒரே பொடியை ஏற்பவை; அவற்றைக் கொண்ட 1020, 2900 என்ற யந்திரங்கள் வக்கீல் காரியாலயங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ஆண்டுக்கணக்காக நிலைத்ததற்கு, அவற்றின் உறுதியைவிட இந்தச் சௌகரியமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் கார்ட்ரிட்ஜில் 2,000 பக்கத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் பொடி, அதாவது ஒரு பக்கத்துக்கு 50 மில்லிகிராம். அதை நிரப்ப ஆகிற சில நூறு ரூபாய், புதிய கார்ட்ரிட்ஜின் விலையில் ஒரு சிறு பகுதிதான். கெட்டிக்கார மெக்கானிக், பொடியைக் கொட்டுவதற்கு முன்னால் குப்பையறையைக் காலி செய்வார்; வைப்பர் பிளேடையும், பொடியை மட்டப்படுத்தும் டாக்டர் பிளேடையும் பார்ப்பார்; இரண்டு மூன்று ரீஃபிலுக்கு ஒரு தடவை டிரம் மாற்றச் சொல்வார். அவசரக்காரர் பக்கவாட்டில் துளைபோட்டுப் பொடியை நிறைத்துக் கொடுத்துவிடுவார். அடுத்த வாரமே பக்கம் முழுவதும் சாம்பல் படர்ந்து, நடுவே நீளமாக ஒரு கறுப்புக் கோடு விழும். விலை பேசுவதைவிட, குப்பையறையைத் திறந்து காட்டச் சொல்வது நல்லது.

கம்பெனிகள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கார்ட்ரிட்ஜில் சிப் பொருத்தி, நிரப்பியதை ஏற்காதபடி செய்தார்கள், வழக்கும் தொடர்ந்தார்கள். லெக்ஸ்மார்க் நிறுவனம் தொடர்ந்த வழக்கில், ஒரு முறை விற்ற கார்ட்ரிட்ஜின்மேல் விற்றவருக்குக் காப்புரிமை அதிகாரம் மிஞ்சுவதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. சட்டம் அனுமதித்தாலும் சிப் அனுமதிக்க வேண்டுமே! வாங்குவதற்கு முன்பே, தெருமுனை மெக்கானிக்கிடம் இந்த யந்திரத்தின் கார்ட்ரிட்ஜைத் திறக்க முடியுமா, உதிரி டிரம் கிடைக்குமா என்று கேட்டுவிடுவது, கடையிலுள்ள விளம்பரத் தாள்கள் அனைத்தையும் படிப்பதைக் காட்டிலும் பிரயோஜனம் தரும்.

காகிதத்தைப் பற்றித் திருச்சிக்காரர் பெருமைப்பட இடமுண்டு. தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1979-இல் ஏற்படுத்தப்பட்டபோது, அது அமைந்த புகளூர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தையே சேர்ந்தது. கரூர் தனி மாவட்டமானது 1995-இல்தான். மரத்தை மட்டும் நம்பியிராமல் கரும்புச் சக்கையை முதன்மையான மூலப்பொருளாகக் கொண்ட அந்த ஆலையின் காப்பியர் தாள் தமிழகமெங்கும் காரியாலயங்களில் புழங்குகிறது. அதன் இரண்டாவது ஆலை, அட்டை செய்வதற்காக, மணப்பாறையை அடுத்த மொண்டிப்பட்டியில் எழுந்தது. கட்டின் உறையில் ஓர் அம்புக்குறி இருக்கும். முதலில் அச்சிட வேண்டிய பக்கம் எது என்பதை அது காட்டுகிறது. அதைக் கவனித்துத் தட்டில் வைத்தால் தாள் சுருள்வது குறையும். இரு பக்கமும் அச்சிடும் டூப்ளெக்ஸ் வசதி இருந்தால், மேலே சொன்ன 36,000 பக்கத்துக்கு 72 கட்டுக்குப் பதிலாக 36 கட்டே போதும். யந்திரத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த விலை காகிதத்திலேயே திரும்பி வந்துவிடும்.

சர்க்கார் காரியாலயங்களின் நிலைமை வேறு. மாநில அரசின் எல்காட் நிறுவனம் மூலமாகவோ, 2016-இல் தொடங்கிய ஜெம் என்னும் மத்திய அரசின் இணையச் சந்தை மூலமாகவோ வாங்குகிறபோது, குறைந்த விலை கேட்டவருக்கே ஆர்டர் என்ற விதி யந்திரத்தின் விலையை மட்டும் பார்த்தால், நாம் கணக்கிட்ட 10,000 ரூபாய் யந்திரமே எப்போதும் வெல்லும். அதன் பிறகு மூன்று ஆண்டு கார்ட்ரிட்ஜுக்காகச் சில்லறைச் செலவினத்தில் பணம் போய்க்கொண்டிருக்கும், அதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. விலைப்புள்ளி கேட்கும்போதே, மூன்று ஆண்டுக்கு இத்தனை பக்கம் என்று குறித்து, யந்திரம், கார்ட்ரிட்ஜ், டிரம், பராமரிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டால் விதியையும் மீறவேண்டியதில்லை, பணமும் மிஞ்சும். பக்கத்துக்கு இவ்வளவு பைசா என்று வாடகைக்கு யந்திரம் வைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். மாதம் பல ஆயிரம் பக்கம் ஓடும் கல்லூரித் தேர்வு அலுவலகம் போன்ற இடங்களில் அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்வது சொந்தமாக வாங்குவதைவிடச் சிலாக்கியம்.

தேய்ந்துபோன கார்ட்ரிட்ஜ், 2023 ஏப்ரல் முதல் அமலிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பிரிண்டரோடு சேர்த்து மின்னணுக் கழிவாகவே எண்ணப்படுகிறது. அரியமங்கலம் குப்பைக் கிடங்குக்குப் போகும் வண்டியில் அதைப் போடாமல், குப்பையறைப் பொடி சிந்தாதபடி நெகிழிப் பையில் கட்டி, அங்கீகாரம் பெற்ற கழிவுச் சேகரிப்பாளரிடமோ, பழைய கார்ட்ரிட்ஜை விலைக்கு எடுத்துக்கொள்ளும் ரீஃபில் கடையிலோ கொடுக்கலாம். டிரம் தேய்ந்திருந்தாலும் கூடு நன்றாக இருந்தால் கடைக்காரர் அதற்கும் ஏதாவது விலை தருவார்.